நிலம் கொடுத்தவரும் தானியம் பறித்தவரும்: இம்ரே நாகி

கம்யூனிஸ்டுகளைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் கூட்டங்கள் இரண்டாகப் பிரிந்துவிடுகின்றன. ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கும் தோழர்கள், “கீழத்தஞ்சையில் சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் முடிவு கட்டியது செங்கொடிதானே?” என்பார்கள். மறுபக்கத்திலிருந்து, “வர்க்கம், வர்க்கம் என்று சொல்லியே சாதியைப் பேசவிடாமல் செய்தவர்களும் அவர்கள்தானே?” என்று பதில் வரும். இரண்டு கேள்வியும் நியாயமானவை. இரண்டுக்கும் பின்னால் நம் பாட்டன் பூட்டன் பட்ட பாடு இருக்கிறது. ஆனால் இந்தச் சண்டை ஒவ்வொரு முறையும் தொடங்கிய இடத்திலேயே முடிவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறோம்.

அதனால் எங்கள் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டத்தில் இந்த முறை கேள்வியை மாற்றிப் போட்டோம். கம்யூனிஸ்ட் கட்சி போராடும் கட்சியாக இருந்த இடத்தை விட்டுவிட்டு, அதுவே முழு ஆட்சியாக இருந்த ஒரு நாட்டைப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். அங்கே நிலமற்றவருக்கு நிலம் கிடைத்ததா? கிடைத்தது கையில் நின்றதா? நிற்கவில்லை என்றால், தட்டிக்கேட்கக் கட்சிக்குள் யாராவது இருந்தார்களா? அவருக்கு என்ன ஆனது? இப்படிக் கேட்டுக்கொண்டே போனபோது வந்து சேர்ந்த பெயர் இம்ரே நாகி. ஹங்கேரியின் பிரதமராக இரண்டு முறை இருந்தவர். 1958இல் அவருடைய சொந்தக் கட்சியின் அரசே அவரைத் தூக்கிலிட்டது.

அவரைத் தியாகி என்று கும்பிடுவதற்காக இதை எழுதவில்லை. நில அரசியல் பேசும் நமக்கு அவர் வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறோம்.

பண்ணையாட்களின் நாடு

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஹங்கேரியை ‘மூன்று மில்லியன் பிச்சைக்காரர்களின் நாடு’ என்று சொல்வார்கள். மொத்த மக்கள்தொகை ஏறக்குறைய 90 லட்சம். அதில் 30 லட்சம் பேர் நிலமே இல்லாதவர்கள், அல்லது அரை வயிற்றுக்குக்கூடப் போதாத துண்டு நிலம் வைத்திருந்தவர்கள். நிலமோ எஸ்தர்ஹாசி போன்ற பிரபுக் குடும்பங்களிடமும் கத்தோலிக்கத் திருச்சபையிடமும் ஆயிரமாயிரம் ஏக்கராகக் குவிந்து கிடந்தது.

அந்தப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு ‘செலேத்’ என்று பெயர். நம் மொழியில் பண்ணையாள் என்றால் அப்படியே பொருந்தும். வருடக் கணக்கில் பேசிக்கொண்ட வேலை. கூலி பெரும்பாலும் தானியமாக. குடியிருக்க நீளமான கொட்டடி வீடு, பல குடும்பங்களுக்குப் பொதுவாக ஒரே அடுப்படி. கங்காணியின் அடியும் வசவும் அன்றாடம். கிராமத்து விவசாயிகளேகூட இவர்களைத் தமக்குச் சமமாக நினைத்ததில்லை. ஜுலா இயேஷ் என்ற எழுத்தாளர் இப்படிப்பட்ட ஒரு பண்ணையில் பிறந்து வளர்ந்தவர். அந்த வாழ்க்கையை அவர் 1936இல் ஒரு புத்தகமாக எழுதியபோது, தங்கள் நாட்டுக்குள்ளேயே இப்படி ஒரு மக்கள் கூட்டம் இருப்பதை நகரத்துப் படித்தவர்கள் புதிதாகத் தெரிந்துகொண்டார்கள். கூப்பிடு தூரத்தில் இருக்கும் சேரியைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளும் படித்தவர்களை நாமும் பார்த்திருக்கிறோம்.

வேலைக்காரியின் மகன்

இம்ரே நாகி 1896 ஜூன் 7ஆம் தேதி கபோஷ்வார் என்ற ஊரில் பிறந்தார். தாய் ஒரு வீட்டில் வேலைக்காரியாக இருந்தவர். தந்தை ஏவலாள், பிறகு அஞ்சல் துறைத் தொழிலாளி. படிப்பு பாதியில் நின்றது. உலோக வேலை கற்கும் பட்டறைப் பையனாகச் சேர்ந்தார். முதல் உலகப் போருக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். 1916இல் ரஷ்யர்களிடம் போர்க் கைதியாகச் சிக்கி சைபீரியாவுக்குப் போனார். அங்கேதான் புரட்சியைக் கண்டார், செம்படைப் பக்கம் சேர்ந்தார், கட்சி உறுப்பினர் ஆனார்.

1921இல் ஊர் திரும்பி, கிராமத்து ஏழைகளிடையே வேலை செய்தார். அன்றைய ஆட்சி கம்யூனிஸ்ட் கட்சியைத் தடை செய்திருந்தது. 1928இல் வியன்னாவுக்குத் தப்பினார். 1930இல் மாஸ்கோ. அங்கே பதினைந்து ஆண்டுகள். சர்வதேச வேளாண்மை நிறுவனத்தில் வேலை, பிறகு புள்ளியியல் அலுவலகத்தில். அவருடைய பாடம் எப்போதும் ஒன்றுதான்: ஹங்கேரியின் நிலப் பிரச்சினை.

ஸ்டாலின் காலத்து மாஸ்கோவில் நாடுகடந்து வாழ்ந்த கம்யூனிஸ்டுகள் பலர் காணாமல் போனார்கள். நாகி 1936இல் கட்சியிலிருந்து விலக்கப்பட்டு 1939இல் திரும்பச் சேர்க்கப்பட்டார். உயிர் பிழைத்தார். எப்படிப் பிழைத்தார் என்பதில் ஒரு கறை இருக்கிறது. 1930களில் அவர் சோவியத் ரகசியப் போலீசுக்குத் தகவல் தந்தவர் என்று காட்டும் ஆவணங்களை, அவர் பெயர் மீண்டு எழுந்த 1989இல், சோவியத் உளவுத் துறை வெளியே எடுத்தது. அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு ஜோடனை என்று வரலாற்றாசிரியர்கள் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். நமக்குப் பிடித்த தலைவர் என்பதற்காக அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் படிக்க வேண்டியதில்லை.

1945: கழி நட்ட வசந்தம்

1944 இறுதியில் சோவியத் படைகளின் பின்னால் நாகி நாடு திரும்பினார். டெப்ரெசென் நகரத்தில் அமைந்த தற்காலிக அரசில் வேளாண் அமைச்சர் ஆனார். நாட்டின் மேற்குப் பகுதியில் இன்னும் போர் நடந்துகொண்டிருந்தது. அந்த நிலையிலேயே 1945 மார்ச் 17ஆம் தேதி நிலச் சீர்திருத்த ஆணை வந்தது.

ஏறக்குறைய 1,400 ஏக்கருக்கு மேற்பட்ட பண்ணைகள் முழுமையாகப் பறிமுதல். அதற்குக் கீழே இருந்த நிலப்பிரபுக்கள் சுமார் 140 ஏக்கர் மட்டும் வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 32 லட்சம் ஹெக்டேர் நிலம் எடுக்கப்பட்டது. அதில் பாதிக்கு மேல், அதாவது சுமார் 19 லட்சம் ஹெக்டேர், ஏறக்குறைய 6,40,000 பேருக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. ஆளுக்குச் சராசரி ஏழு ஏக்கர். மார்ச் 29ஆம் தேதி புஸ்தாசேர் என்ற இடத்தில், பல்லாவிச்சினி என்ற பிரபுவின் பண்ணையில், அமைச்சரே நேரில் நின்று எல்லைக் கழி நட்டு விநியோகத்தைத் தொடங்கி வைத்தார். அன்று முதல் அவருக்கு ‘நிலம் கொடுத்த அமைச்சர்’ என்றே பெயர்.

எங்களில் சிலர் இந்த இடத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் அறிக்கை எழுதி, அதன் பேரில் நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலத்தை இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்கள் நாம். அந்த நிலத்துக்காகக் காரணையில் 1994இல் துப்பாக்கிச் சூடு வாங்கி இரண்டு உயிரைக் கொடுத்தவர்கள் நாம். ஒரே வசந்தத்தில் ஆறு லட்சம் பேருக்கு நிலம் என்பது நமக்கு வெறும் புள்ளிவிவரமாகத் தெரியாது.

ஆனால் நிலம் யாருக்கெல்லாம் போகவில்லை என்றும் கேட்க வேண்டும். ஹங்கேரியில் ஊருக்கு வெளியே தனிக் குடியிருப்புகளில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தவர்கள் ரோமாக்கள். 1944இல் நாஜிகளும் அவர்களுடைய ஹங்கேரியக் கூட்டாளிகளும் நடத்திய கொலைகளிலிருந்து மிஞ்சியவர்கள். நிலப் பகிர்வைக் கிராம அளவில் நடத்தியது உள்ளூர்க் குழுக்கள். யாருக்கு நிலம் என்று தீர்மானித்ததும் அவர்கள்தான். ரோமாக்கள் ஏறத்தாழ முழுமையாக விடுபட்டுப் போனார்கள். ஆணையில் அவர்களுக்கு எதிராக ஒரு வரிகூட இருக்கத் தேவைப்படவில்லை. ஊர் கூடி முடிவெடுத்தால் போதுமானதாக இருந்தது. ஊர்க்கூட்டம் என்றால் என்னவென்று நமக்குத் தெரியாதா?

பின்னாளில் கட்சி இதற்குத் தத்துவமும் சொன்னது. ரோமாக்கள் தனித் தேசிய இனம் அல்ல, அது வெறும் சமூகப் பிரச்சினைதான் என்று 1961இல் கட்சித் தலைமை தீர்மானம் போட்டது. 1971இல் ரோமாக்களைப் பற்றி முதல் நாடு தழுவிய ஆய்வை நடத்திய சமூகவியலாளர் இஸ்த்வான் கெமேனி, சோசலிச நாட்டில் வறுமை இருக்கிறது என்று பேசியதால் ஒதுக்கப்பட்டு, 1977இல் நாட்டைவிட்டே போனார். சமூகவியல் படிக்கும் மாணவர்கள் அவரைத் தேடிப் படிக்க வேண்டும்.

நாகியின் கணக்கில் இன்னொன்றும் சேர வேண்டும். 1945 நவம்பர் முதல் சில மாதங்கள் அவர் உள்துறை அமைச்சர். ஹங்கேரியில் தலைமுறைகளாக வாழ்ந்த ஜெர்மன் மொழி பேசும் மக்களை வெளியேற்றும் ஆணை அவருடைய பதவிக் காலத்தில்தான் வந்தது. பகிர்ந்து கொடுக்கப்பட்ட நிலத்தில் அவர்களிடமிருந்து பறித்ததும் உண்டு.

கொடுத்த கையே எடுத்தது

கட்சியின் உண்மையான அதிகாரம் மாத்யாஷ் ராக்கோசியிடம் இருந்தது. தன்னை ஸ்டாலினின் சிறந்த மாணவன் என்று சொல்லிக்கொண்டவர். 1948க்குப் பிறகு ஒரே கட்சி ஆட்சி. நிலம் கொடுத்து நான்கு ஆண்டுகூட முடியவில்லை, எல்லோரும் கூட்டுப் பண்ணையில் சேர வேண்டும் என்று நெருக்கத் தொடங்கினார்கள். இவ்வளவு வேகம் கூடாது, விவசாயி மனம் ஒப்பிச் சேர வேண்டும் என்று நாகி வாதிட்டார். 1949இல் அவரை அரசியல் குழுவிலிருந்து நீக்கினார்கள். அவர் என்ன செய்தார்? சுயவிமர்சனம் செய்துகொண்டார். வேளாண் பல்கலைக்கழகத்துக்குப் பாடம் நடத்தப் போனார்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. 1950 இறுதியில் அவரைத் திரும்ப அழைத்து உணவு அமைச்சர் ஆக்கினார்கள். 1952இல் கட்டாயக் கொள்முதலுக்கான அமைச்சர். அதாவது விவசாயி விளைவித்ததிலிருந்து அரசு குறித்த அளவைக் குறித்த விலைக்கு வாங்கிக்கொண்டு போகும் துறை. ஹங்கேரிய விவசாயிகள் அந்தக் காலத்தை ‘பரண் பெருக்கிய காலம்’ என்று நினைவு வைத்திருக்கிறார்கள். வீட்டுப் பரணில் விதைக்கும் சாப்பாட்டுக்கும் ஒதுக்கி வைத்த கடைசித் தானியத்தையும் பெருக்கி எடுத்துக்கொண்டு போனதால் வந்த பெயர். அளவு குறைந்தவர்கள் மேல் வழக்கு. கொஞ்சம் நிமிர்ந்து நின்றவர்களுக்குக் ‘குலாக்’ என்று பட்டம், பட்டியல், சிறை.

புஸ்தாசேரில் கழி நட்டவரே அந்தத் துறைக்கும் அமைச்சர்.

எங்கள் வேலையில் ஊர் ஊராகப் போய்ப் பஞ்சமி நில விவரம் எடுக்கிறோம். தாலுகா ஆபீசில் அ-பதிவேட்டு நகலுக்கு மனுப் போடுவது, சிட்டா, அடங்கல் பார்ப்பது, வில்லங்கம் எடுப்பது, திங்கட்கிழமை மனு நாளில் ஊர்மக்களோடு வரிசையில் நிற்பது, இதுதான் எங்கள் வாரம். ஒரு ஊரில் ஒரு பாட்டி எங்கள் காகிதக் கட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “குடுத்தது எந்தக் கவருமெண்ட்டுன்னு எழுதிக்கிட்டு வந்திருக்கீங்க. எடுத்துக்கறப்போ தடுக்க யாரு இருந்தாங்கன்னு எழுதியிருக்கீங்களா கண்ணு?”

ஹங்கேரி வரலாற்றைப் படிக்கும்போது இந்தக் கேள்வியை எங்களால் ஒதுக்கி வைக்க முடியவில்லை. 1945இல் ஆறு லட்சம் பேரிடம் நிலம் வந்தது. ஆனால் அதைக் காப்பாற்ற அவர்களுக்கென்று ஒரு சங்கம் இல்லை, அரசை எதிர்த்து வழக்குப் போட நீதிமன்றம் இல்லை, எதிர்த்து வாக்களிக்க வேறு கட்சி இல்லை. மேலிருந்து வந்த ஆணை நிலத்தைக் கொடுத்தது. மேலிருந்து வந்த அடுத்த ஆணை அதைத் திரும்ப எடுத்தது.

1953: பேசத் தெரிந்த அரசு

1953 மார்ச்சில் ஸ்டாலின் இறந்தார். நாடாளுமன்றத்தில் அவருக்கு அஞ்சலி உரை ஆற்றியவரும் நாகிதான். ஜூன் மாதம் மாஸ்கோ, ஹங்கேரியத் தலைவர்களைக் கூப்பிட்டு விளாசியது. நாட்டைப் பட்டினி போட்டுவிட்டீர்கள், இனி நாகி பிரதமராகட்டும் என்றது. 1953 ஜூலை 4ஆம் தேதி நாகி பிரதமர். இந்தப் பதவியையும் மக்கள் கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் வந்த இடத்தில் அவர் செய்தவை பெரியவை. விசாரணையில்லாமல் ஆட்களை அடைத்து வைத்த முகாம்களை மூடினார். ரெச்க் என்ற ஊரில் கல் உடைக்கும் முகாம் இருந்தது. அப்படி ஒரு இடமே இல்லை என்பதுபோல் அரசு நடந்துகொண்டது. அங்கிருந்தவர்கள் வீடு திரும்பினார்கள். குலாக் பட்டியல் ஒழிந்தது. கட்டாயக் கொள்முதல் அளவு குறைந்தது. கூட்டுப் பண்ணையில் இருக்க விருப்பமில்லாதவர் வெளியேறலாம் என்று அறிவித்தார். ஆயிரக்கணக்கானோர் வெளியேறினார்கள், பல பண்ணைகள் கலைந்தே போயின.

இங்கே அம்பேத்கரை நினைக்காமல் தாண்ட முடியாது. 1947இல் எழுதிய ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ நூலில் விவசாய நிலம் முழுவதையும் அரசுடைமை ஆக்க வேண்டும், சாதி பார்க்காமல் ஊர் மக்களுக்குக் குத்தகைக்கு விட்டுக் கூட்டுப் பண்ணையாக நடத்த வேண்டும் என்று அவர் முன்வைத்தார். துண்டு நிலச் சீர்திருத்தம் ஒன்றுமே இல்லாத தீண்டப்படாதோருக்கு உதவாது என்பது அவர் வாதம். அப்படியானால் அம்பேத்கரும் ராக்கோசியும் ஒன்றா? மாணவர்கள் இதை எங்களிடம் கேட்டார்கள். நல்ல கேள்வி. வேறுபாடு அதே நூலில் இருக்கிறது. இந்தத் திட்டத்தை அரசியல் சாசனத்தில் எழுத வேண்டும், நாடாளுமன்ற ஜனநாயகத்துக்குள் நடத்த வேண்டும், சர்வாதிகாரம் கூடாது, அடிப்படை உரிமைகளுக்கு நீதிமன்றப் பாதுகாப்பு வேண்டும் என்கிறார். நிலம் பொதுவில் இருக்கலாம். ஆனால் அந்த நிலத்தில் நிற்கிறவனுக்கு அரசை எதிர்த்துப் பேசும் உரிமை இருக்க வேண்டும். ராக்கோசியிடம் முதல் பாதி மட்டும்தான் இருந்தது.

நாகியின் ஆட்சி இரண்டு ஆண்டுகூட நீடிக்கவில்லை. மாஸ்கோவில் காற்று மாறியது. 1955 ஏப்ரலில் பதவி போனது. சுயவிமர்சனம் செய் என்றார்கள். 1949இல் செய்தவர் இந்த முறை மறுத்துவிட்டார். அந்த ஆண்டின் இறுதியில் கட்சியிலிருந்தும் விலக்கினார்கள். எங்களுக்கு அவர் வாழ்க்கையின் திருப்புமுனை 1956 அல்ல, இந்த மறுப்புதான். கூட்டம் இல்லை, கைதட்டல் இல்லை. அறுபது வயதை நெருங்கும் ஒருவர் வீட்டில் உட்கார்ந்து, தன் கொள்கை ஏன் சரி என்று கட்சிக்கே நீண்ட விளக்கங்கள் எழுதிக்கொண்டிருந்தார்.

நாக்பூரும் புடாபெஸ்டும்

1956 அக்டோபர் 14ஆம் தேதி நாக்பூரில் அம்பேத்கர் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். ஒன்பது நாள் கழித்து, அக்டோபர் 23ஆம் தேதி, புடாபெஸ்டில் மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். சோவியத் படை வெளியேற வேண்டும், தேர்தல் வேண்டும், நாகி பிரதமராக வேண்டும் என்பவை அவர்கள் கோரிக்கைகளில் முக்கியமானவை. மாலைக்குள் லட்சக்கணக்கில் திரண்ட கூட்டம் நாடாளுமன்றத்தின் முன் அவரைப் பேச அழைத்தது. தயங்கித் தயங்கி வந்து “தோழர்களே” என்று தொடங்கினார். “நாங்கள் தோழர்கள் இல்லை” என்று கூட்டம் திருப்பிக் கத்தியது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அவர் சொல்லி வந்த சொல் அது.

மறுநாள் காலை அவர் மீண்டும் பிரதமர். சோவியத் படைகளை அழைக்கும் கடிதத்தில் கையெழுத்திட மறுத்தார். ஆனால் முதல் சில நாட்கள் அவரும் அரசின் பக்கமே நின்றார், கலகக்காரர்களுக்கு எதிரான அவசரச் சட்டம் அவர் பெயரிலேயே வந்தது. பிறகு தொழிற்சாலைகளில் தொழிலாளர் கவுன்சில்கள் அமைவதையும், தொழிலாளர்களே துப்பாக்கி தூக்குவதையும் பார்த்தார். அக்டோபர் 28ஆம் தேதி, இது எதிர்ப்புரட்சி அல்ல, தேசிய ஜனநாயக இயக்கம் என்று வானொலியில் அறிவித்தார். 30ஆம் தேதி ஒரு கட்சி ஆட்சி முடிந்தது. நவம்பர் 1ஆம் தேதி வார்சா ஒப்பந்தத்திலிருந்து வெளியேறுகிறோம், நாங்கள் நடுநிலை நாடு என்றார். வீதியில் நின்று சண்டை போட்டவர்களில் நிலம் கிடைக்காத ரோமா இளைஞர்களும் இருந்தார்கள்.

நவம்பர் 4ஆம் தேதி விடியற்காலை சோவியத் டாங்குகள் புடாபெஸ்டைத் தாக்கின. ஐந்தரை மணி வாக்கில் நாகி வானொலியில் பேசினார். அதன் பிறகு யூகோஸ்லாவியத் தூதரகத்தில் அடைக்கலம். அவர் இடத்தில் சோவியத் ஆதரவோடு யானோஷ் காதார் அமர்ந்தார். சில நாள் முன்பு வரை நாகியின் அரசில் அமைச்சராக இருந்தவர் அவர். சுமார் 2,500 ஹங்கேரியர்கள் இறந்தார்கள். ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் எல்லை தாண்டினார்கள்.

அப்போது நம் நாடு என்ன செய்தது? நவம்பர் 9ஆம் தேதி ஐ.நா. பொதுச்சபையில் சோவியத் படை வெளியேற வேண்டும், ஹங்கேரியில் சுதந்திரமான தேர்தல் வேண்டும் என்ற தீர்மானம் வந்தது. இந்தியா சோவியத் முகாமோடு சேர்ந்து அதை எதிர்த்து வாக்களித்தது. ஜெயப்பிரகாஷ் நாராயண் போன்றவர்கள் நேருவின் அரசை வெளிப்படையாகக் கண்டித்தார்கள்.

நவம்பர் 20ஆம் தேதி அம்பேத்கர் காத்மாண்டுவில் புத்தரையும் மார்க்சையும் ஒப்பிட்டுப் பேசினார். ஏழ்மையும் சுரண்டலும் ஒழிய வேண்டும் என்ற இலக்கில் இருவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பலாத்காரத்தால் கொண்டுவருவது நிற்காது, மனத்தை மாற்றிக் கொண்டுவருவதே நிற்கும் என்பது அவர் சொன்னதன் சாரம். இரண்டு நாள் கழித்து, நவம்பர் 22ஆம் தேதி, பாதுகாப்பாக வீட்டுக்குப் போகலாம் என்று காதார் அரசு எழுத்தில் கொடுத்த உறுதியை நம்பி நாகியும் அவருடன் இருந்தவர்களும் தூதரகத்திலிருந்து பேருந்தில் ஏறினார்கள். அந்தப் பேருந்தை சோவியத் படையினர் கைப்பற்றினார்கள். அவர்களை ருமேனியாவில் ஸ்னாகோவ் என்ற இடத்துக்குக் கடத்திச் சென்று காவலில் வைத்தார்கள். டிசம்பர் 6ஆம் தேதி அம்பேத்கர் மறைந்தார்.

குப்புறப் புதைத்தார்கள்

பிரதமர் பதவியை ராஜினாமா செய்து காதாரின் அரசை ஏற்றுக்கொண்டிருந்தால் நாகி பிழைத்திருக்கலாம். கடைசி வரை செய்யவில்லை. 1957 ஏப்ரலில் கைது செய்து புடாபெஸ்டுக்குக் கொண்டுவந்தார்கள். 1958 ஜூனில் மூடிய அறைக்குள் விசாரணை. ஜூன் 15ஆம் தேதி மரண தண்டனை. கருணை மனுப் போட மறுத்தார். உலகத் தொழிலாளர் இயக்கம் ஒருநாள் தனக்கு நீதி வழங்கும் என்று நீதிமன்றத்தில் சொன்னார். அதாவது, தன்னைத் தூக்கில் போடும் கட்சிக்காரர்களைவிடத் தான்தான் கம்யூனிஸ்ட் என்று நினைத்தபடியே செத்தார். மறுநாள் காலை அவரையும், பால் மலேதர், மிக்லோஷ் கிமெஷ் ஆகியோரையும் தூக்கிலிட்டார்கள். அதன் பிறகே நாட்டுக்கு அறிவித்தார்கள். 1956க்காகத் தூக்கிலிடப்பட்டோர் இருநூறுக்கும் மேல். பெரும்பாலோர் தொழிலாளர்கள், இளைஞர்கள்.

முதலில் சிறை வளாகத்திலேயே புதைத்தார்கள். 1961இல் தோண்டி எடுத்து நகரத்துக்கு வெளியே பொதுக் கல்லறையின் ஒதுக்குப்புறமான 301ஆம் பகுதியில் புதைத்தார்கள். தார்க் காகிதத்தில் சுற்றி, கம்பியால் கட்டி, முகம் குப்புற. பதிவேட்டில் அவர் பெயர்கூட இல்லை, ஒரு பெண்ணின் பொய்ப் பெயர். புல்லும் புதரும் மண்டிய அந்த இடத்துக்குப் பூ வைக்க வந்த குடும்பத்தாரைப் போலீஸ் விரட்டியது.

இறந்தவரைக்கூட விடாத அதிகாரம் நமக்குப் புதிதல்ல. 2019இல் வாணியம்பாடி அருகே, சுடுகாட்டுக்குப் போக வழி மறுக்கப்பட்டதால் நம் மனிதர் ஒருவரின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கிய காட்சியைப் பார்த்தோமே. புதைக்கும் இடத்திலும் மரியாதை மறுப்பது, உயிரோடிருப்பவர்களுக்குச் சொல்லும் செய்தி. அதனால்தான் அந்தக் குடும்பங்கள் முப்பது ஆண்டுகள் விடாமல் கேட்டார்கள்: எங்கள் ஆட்களை எங்கே புதைத்தீர்கள்? 1988இல் அமைப்பாகத் திரண்டார்கள். 1989இல் உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டன. ஜூன் 16ஆம் தேதி வீரர்கள் சதுக்கத்தில் ஆறு சவப்பெட்டிகள். ஐந்தில் நாகியும் தோழர்களும். ஆறாவது காலி, பெயர் தெரியாமல் செத்த போராளிகளுக்காக. தூக்கிலிடப்பட்டவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார்கள். லட்சக்கணக்கானோர் வந்தார்கள். ஜூலை 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நாகியைக் குற்றமற்றவர் என்றது. அதே நாள் காதார் இறந்தார்.

அந்தச் சதுக்கத்தில் பேசிப் புகழ்பெற்ற இளைஞர் ஒருவர் விக்டர் ஓர்பான். அவர் பிரதமராக இருந்த 2018 டிசம்பரில், நாடாளுமன்றத்தைப் பார்த்தபடி நின்ற நாகியின் சிலை அங்கிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு வேறு இடத்துக்குப் போனது. தேவைப்படும்போது சிலை வைப்பார்கள், தேவை முடிந்ததும் எடுப்பார்கள். சிலைகளுக்குக் கூண்டு போடும் ஊரில் வாழும் நமக்கு இது விளங்கும்.

நாம் என்ன எடுத்துக்கொள்வது

எங்களிடம் வரும் மாணவர்கள் அடிக்கடி கேட்பது இது: “அக்கா, கட்சியில் சேரலாமா? சேர்ந்தபின் தப்பு நடந்தால் உள்ளேயே இருந்து பேசுவதா, வெளியே வந்துவிடுவதா?” நாகியின் வாழ்க்கை இதற்கு ஒற்றை விடை தரவில்லை. உள்ளே இருந்ததால்தான் அவரால் நிலம் கொடுக்க முடிந்தது, முகாம்களை மூட முடிந்தது. உள்ளே இருந்ததால்தான் தானியம் பறிக்கும் துறைக்கும் அமைச்சராக இருந்தார். ஒரே மனிதர், ஒரே கட்சி அட்டை.

ஆனால் எந்தக் கட்சி, எந்த இயக்கம் என்றாலும் கேட்க வேண்டிய கேள்விகளை அது தருகிறது. கொடுத்ததைக் காப்பாற்றும் அதிகாரம் வாங்கியவர் கையில் இருக்கிறதா, கொடுத்தவர் கையிலேயே இருக்கிறதா? ஊர் கூடிப் பகிரும்போது ஊருக்கு வெளியே இருப்பவர் பட்டியலில் இருக்கிறாரா? தலைமை தவறு செய்தால் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு உள்ளேயே இருக்க இடம் உண்டா? சிவப்புக் கொடியிடம் மட்டும் கேட்க வேண்டிய கேள்விகள் அல்ல இவை. நீலக்கொடியிடமும் கேட்க வேண்டும். நாம் நடத்தும் சிறிய அமைப்புகளிடமும் கேட்க வேண்டும்.

நிலம் வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்து கிடையாது. 1945 மார்ச்சில் ஹங்கேரியப் பண்ணையாள் கையில் வந்த ஏழு ஏக்கரை யாரும் சிறியது என்று சொல்ல முடியாது. அது நிற்காமல் போனதற்குக் காரணம், அதை வைத்துக்கொள்ள அவனுக்குச் சங்கமும் சட்டமும் வாக்கும் இல்லாமல் போனது. பட்டா கேட்டு வரிசையில் நிற்கும்போதே ஊரில் சங்கம் கட்ட வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான். மனு எழுதிக் கொடுப்பது அரை நாள் வேலை. சங்கம் கட்டுவது ஆண்டுக்கணக்கான வேலை. இரண்டாவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

வரும் ஞாயிறு முதல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ நூலை வரிவரியாகப் படிக்கத் தொடங்குகிறோம். வரும்போது உங்கள் ஊர் அ-பதிவேட்டின் நகல் கிடைத்தால் கொண்டுவாருங்கள். கிடைக்காவிட்டால், அதற்கு எப்படி மனுப் போடுவது என்பதிலிருந்து தொடங்கலாம்.

ஜெய்பீம்!